மாப்பிள்ளையின் கம்ப்யூட்டரைக் கத்திரியில் காப்பாற்றிய விதம்

நாமக்கல்,
வைகாசி மாதம், கத்திரி கழியும் வாரம், 1988.

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை வேலுமணி அவர்களுக்கு, மாமன் தண்டாயுதபாணி எழுதிக்கொண்டது.

இங்கு நான் நலம். உங்கள் அத்தை சௌந்திரம் நலம். கிணற்றில் தண்ணீர் இறங்கிப் போனாலும் மோட்டார் நலம். எல்லாவற்றுக்கும் மேலாக, பொங்கலுக்கு வந்தபோது தாங்கள் எங்கள் பொறுப்பில் விட்டுப் போன கம்ப்யூட்டர் இந்த நிமிடம் வரை உயிரோடு நலமாக இருக்கிறது. தங்களுடைய நலத்துக்கும் மகள் கமலவேணியின் நலத்துக்கும் நம்மூர் ஆஞ்சநேயரிடம் நித்தமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கூரையே இல்லாமல் நிற்கிற சாமி அவர். சொல்வதெல்லாம் தடையில்லாமல் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

தாங்கள் பஸ் ஏறும்போது சொன்ன வார்த்தையை நான் மறக்கவில்லை. "மாமா, இந்த மெஷின் நம்மூர்க் கத்திரி வெயிலத் தாங்கிருச்சுன்னா, நான் பெங்களூர் வேலைய உட்டுட்டு இங்கயே வந்து லாரிக்காரங்களுக்குப் பில் போட்டுக் குடுக்கற கடை வெச்சுக்கறனுங்க. தாங்கலீன்னா கம்பெனி சொல்றபடி டெல்லிக்குத்தான் போகோணுமுங்க. வைகாசி முடியறதுக்குள்ள அவங்களுக்குப் பதில் சொல்லோணும்" என்றீர்கள். நான் சரிங்க மாப்பிள்ளை என்று தலையாட்டிவிட்டு வந்தேனே தவிர, அன்றிலிருந்து என் மனம் என்னிடத்தில் இல்லை. மோகனூர் ரோட்டில் ஒரு கடை, வாசலில் வேப்பமரம், உள்ளே தாங்கள் பில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள், சாயங்காலம் கமலவேணி தூக்குப்போசியில் காப்பி கொண்டு வருகிறாள், போகிற வழியில் நம் வீட்டிலும் எட்டிப் பார்த்து, "அப்பா, மாத்திரை போட்டீங்களா?" என்று அதட்டிவிட்டுப் போகிறாள் என்று கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பேன். அந்த வேப்பமரத்தில் எத்தனையோ முறை பழம்கூடப் பழுத்துவிட்டது, மாப்பிள்ளை. டெல்லி எனக்குப் பிடிக்காது. போனதில்லை, ஆகையால் முழு மனதோடு பிடிக்காது. நான் லாரி வைத்திருந்த காலத்தில் டெல்லிக்கு அனுப்பிய வண்டி ஒன்றுகூடச் சொன்ன நாளில் திரும்பி வந்ததில்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். பதட்டப்படாமல் படிக்கவும். முடிவு நல்லபடியாகத்தான் இருக்கிறது. தாங்கள் கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது, சூடு ஆகாது என்று இரண்டு பத்தியம் சொன்னீர்கள் அல்லவா? நம்மூரில் சூட்டை யாரும் ஒன்றும் செய்வதில்லை. அது வரும், இருக்கும், ஆடிக் காற்று அடித்தால் தானே போகும். தூசி அப்படியா? வாசலில் ஒரு லாரி திரும்பினால் அடுப்படியில் இருக்கிற குழம்பு வரைக்கும் மண். ஆகவே முதலில் தூசிக்கு ஒரு வழி பண்ணுவோம் என்று சின்னுசாமியிடம் போனேன். திருச்செங்கோடு ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர், தங்கள் கல்யாணப் பந்தியில் ஊருக்கெல்லாம் ரசம் ஊற்றிவிட்டுத் தான் சாப்பிட மறந்து வீட்டுக்குப் போனாரே, அதே சின்னுசாமிதான். விஷயத்தைச் சொன்னதும் மனிதர் கண்ணில் தண்ணீர் விடாத குறை. "அண்ணா, மாப்பிள்ளை பொருளுக்கு நானுங்களா? உடுங்க, டிரைவர் கேபின் மாதிரியே பண்ணிப் போடறேன்" என்று இருந்த வேலையெல்லாம் போட்டுவிட்டு அதில் இறங்கிவிட்டார். மேலே மேசை, கீழே பீரோ. தேக்குப் பலகை, மூலைக்கு மூலை இரும்புச் சட்டம், கதவு ஓரம் சுற்றிலும் ரப்பர் பட்டை, கைப்பிடி லாரிக் கதவில் இருப்பது. பெயிண்ட் அடிப்பவர் பழக்க தோஷத்தில் பக்கவாட்டில் இரண்டு தாமரையும், பின்பக்கம் கொட்டை எழுத்தில் "ஒலி எழுப்பவும்" என்றும் எழுதிவிட்டார். அது சுவரைப் பார்த்து நிற்கிற பக்கம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். "இதுக்குள்ள ஒரு எறும்பு போகோணும்னாலும் உங்ககிட்டச் சாவி வாங்கிட்டுத்தானுங்ணா போகோணும்" என்றார் சின்னுசாமி. சொன்னது பொய்யில்லை. ஒயர் போகிற ஓட்டையைக்கூடப் பட்டி வைத்து அடைத்திருந்தார்.

இந்த இடத்தில்தான் ஒரு சின்னத் தப்பு நடந்துபோனது. தாங்கள் இரண்டு பெட்டியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தீர்கள். மேலே டி.வி. மாதிரி கண்ணாடி முகத்தோடு ஒன்று, கீழே தட்டையாக, கனமாக, பின்னால் ஒயர் முளைத்து ஒன்று. "இந்தக் கீழ்ப் பொட்டி என்னங்ணா?" என்று கேட்டார் சின்னுசாமி. நான் லாரிக்காரன், மாப்பிள்ளை. லாரிக்கு முகம் முன்னால் இருக்கும். பேட்டரி பக்கவாட்டில் கீழே ஒரு பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். பூட்டாவிட்டால் விடிவதற்குள் எவனாவது கழற்றிக்கொண்டு போய்விடுவான். முகம் இல்லாமல் கனமாக, ஒயரோடு கீழே கிடப்பது வேறு என்னவாக இருக்கும்? "பேட்டரிப் பொட்டி" என்றேன், கொஞ்சமும் யோசிக்காமல். சின்னுசாமியும் "அதானுங்களே" என்றார். முகத்தை மேசை மேல் ராஜா மாதிரி உட்கார வைத்தோம். பெட்டியைக் கீழ்ப் பீரோவுக்குள் தள்ளி, ரப்பர் பட்டை அழுந்தக் கதவைச் சாத்தி, ஒரு திண்டுக்கல் பூட்டும் போட்டுச் சாவியை உங்கள் அத்தையின் இடுப்புக் கொத்தில் சேர்த்தோம். சுவரில் இருக்கிற சுவிட்சைப் போட்டால் போதும், பெட்டி சுவிட்சைத் தொடவே வேண்டாம் என்று தாங்களே சொல்லியிருந்தபடியால், அந்தக் கதவைத் திறக்கிற வேலையே எனக்கு வரவில்லை. பீரோவுக்குள் இடம் வீணாகிறதே என்று உங்கள் அத்தைதான் பவர் கட்டுக்கு வாங்கின மெழுகுவத்திக் கட்டை அதில் வைத்திருந்தாள்.

மாசி பங்குனியெல்லாம் சுகமாகத்தான் போயிற்று. தினம் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, லாரி புக்கிங் ஆபீஸில் அன்றைக்குக் கிளம்பின வண்டிகளின் பேரை வாங்கிவந்து, தாங்கள் காட்டிக் கொடுத்தபடி ஒரு விரலால் அடிப்பேன். நாசிக், இந்தூர், நாக்பூர், கௌஹாத்தி என்று ஒவ்வொரு ஊராகப் பச்சை எழுத்தில் ஒளிர்ந்துகொண்டு வரும். ஒரு ஊரை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகவே மனம் வராது. நாக்பூர் என்று அடித்தால் ஆரஞ்சு வாசம் வரும். கௌஹாத்தி என்று அடித்தால் நான் பார்த்தே இராத ஒரு பெரிய ஆற்றின்மேல் பனி மூட்டமாக இருக்கும், அதற்குள் நம் வண்டி லைட்டைப் போட்டுக்கொண்டு மெல்லப் போகும். பீரோவுக்குள் இருந்து வண்டு சுற்றுகிற மாதிரி மெல்லிசாக ஒரு ரீங்காரம் வேறு வந்துகொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் யோசிக்கிற சத்தம் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். அந்தச் சத்தத்தில் எனக்கு வருகிற தூக்கம் இருக்கிறதே, என் அம்மா தாலாட்டினபோதுகூட அப்படித் தூங்கியிருக்க மாட்டேன். "பில் போடறனாமா, பில்லு! குறட்டைக்கு எந்த ஊருக்குப் பில் போட்டீங்க?" என்று உங்கள் அத்தை கதவோரம் நின்று சிரிப்பாள்.

சித்திரை பிறந்ததும் பிடித்தது சனி. நல்லாப் பேசிக்கொண்டிருந்த மனுசன் பேச்சு வாக்கில் மயங்கி விழுகிற மாதிரி, இந்தூர் என்று அடித்தால் இந் என்பதோடு நின்றுபோகும். ஒரு நாள் எழுத்தெல்லாம் தாறுமாறாகச் சிதறி, எந்தப் பாஷை என்றே தெரியாமல் திரை பூராவும் ஓடியது. நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் பழையபடி ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி எழுந்து உட்காரும். கத்திரியே இன்னும் ஆரம்பிக்கவில்லை, அதற்குள் இப்படி என்றால் என் மகள் டெல்லிக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று தோன்றி, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சின்னுசாமியைக் கூப்பிட்டுவிட்டேன். வந்தார், பார்த்தார், முகத்தின் தலையில் கை வைத்தார். "சூடு கொஞ்சம் இருக்குதுங்ணா. ஏத்தத்துல வண்டி கொதிக்குதுன்னா என்ன பண்ணுவோம்? ஓரங்கட்டி நிறுத்தி, பானட்டத் தூக்கி, டீ குடிச்சுட்டு ஆறப் போட்டுத்தானுங்களே எடுப்போம்" என்றார். அன்று முதல் நான் ஒவ்வொரு ஊர் அடித்ததும் மெஷினை நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்தேன். மெஷின் ஆறியதோ இல்லையோ, எனக்குப் பித்தம் ஏறியது.

அப்புறம் ஆளுக்கொரு வைத்தியம். முகத்துக்கு நேராக டேபிள் ஃபேனை வைத்தேன். ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி, வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்தேன். மேலே ஓட்டின்மேல் தென்னங்கீற்று பரப்பினேன். ஜன்னலுக்கு வெளியே பந்தல் போட்டு, நாலு பானையில் தண்ணீர் நிரப்பி வைத்தேன். உங்கள் அத்தை சும்மா இருப்பாளா? "உடம்புச் சூடுன்னா சந்தனந்தானுங்க" என்று அரைத்துக்கொண்டு வந்து, கம்ப்யூட்டர் நெற்றியில் பட்டையாகப் பூசி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டாள். தப்பாக நினைக்கக் கூடாது, மாப்பிள்ளை. ஆயுத பூஜைக்கு எப்படியும் வைக்கப் போகிறதுதான், கொஞ்சம் முன்னால் வைத்தோம் என்று எடுத்துக்கொள்ளவும். மொத்தத்தில் அந்த அறை இந்தக் கோடையில் நாமக்கல்லிலேயே குளிர்ச்சியான இடமாக ஆகிவிட்டது. உள்ளே நுழைந்தால் வெட்டிவேர் வாசமும் ஈரக் காற்றும் அரை இருட்டுமாக, ஏதோ மலை மேல் வந்துவிட்ட மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டுப் பூவாத்தாள்கூட முறத்தை எடுத்துக்கொண்டு வந்து அங்கே உட்கார்ந்துதான் அரிசி பொறுக்கினாள். இத்தனையும் பண்ணி எங்களுக்குத்தான் குளிர்ந்ததே தவிர, கம்ப்யூட்டர் மட்டும் தவறாமல் மயங்கி விழுந்தது. குளிரில் உட்கார்ந்திருக்கிற முகம் எப்படிக் கொதிக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.

நடுவில் ஒரு நாள் கரண்ட் போயிற்று. மெழுகுவத்தி எடுக்க உங்கள் அத்தை பீரோவைத் திறந்தாள். இருட்டில் கையை விட்டு எடுத்தால் ஒரு மெழுகுவத்திகூட நேராக இல்லை. எல்லாம் வாடின கீரைத்தண்டு மாதிரி துவண்டு தொங்குகின்றன. கத்திரி தொடங்கின நேரம் அல்லவா, வெயில் கொடுமை என்றுதான் நினைத்தோம். அதோடு விட்டிருக்கலாம். நான் விடிந்ததும் அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், "ஏய்யா, மெழுகுவத்தின்னா நெருப்புல உருகோணும், ஊட்டுக்குள்ள உருகலாமா?" என்று சண்டைக்கு நின்றேன். கடைக்காரர், "உங்க ஊட்டுக்குள்ள என்னங்க நடக்குது?" என்று கேட்டார். நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறார். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது கனவில்தான். சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், நமக்குள் என்ன. போன வாரம் ஒரு மத்தியானம், கௌஹாத்திக்கு ஒரு வண்டி அடித்துவிட்டு, ஈஸி சேரில் சாய்ந்து, காலை நீட்டிப் பாதம் இரண்டையும் பீரோக் கதவின்மேல் வைத்தபடி கண் அசந்துவிட்டேன். கனவில் நான் மோகனூர்க் காவிரி மணலில் நடக்கிறேன். தோளில் கமலவேணி. சின்னப் பிள்ளை, இரட்டை ஜடை, என் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆறு எங்கேயோ தூரத்தில் வெள்ளிக் கம்பி மாதிரி தெரிகிறது, நடக்க நடக்கத் தள்ளித் தள்ளிப் போகிறது. மணல் சுடுகிறது. "அப்பா, எறக்கி உடுங்க, நான் நடக்கறேன்" என்கிறாள். "வேண்டாஞ் சாமி, கால் சுட்டுப் போயிரும்" என்கிறேன். "அப்ப உங்க காலு?" என்கிறாள். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு ரயில் நிற்கிறது. அது டெல்லி ரயில் என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிகிறது. இவளை இறக்கிவிட்டால் ஓடிப்போய் அதில் ஏறிவிடுவாள் என்று பயம். ஆகையால் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சுடுமணலில் நடக்கிறேன், நடக்கிறேன், பாதம் தீயாக எரிகிறது. அம்மா என்று அலறிக்கொண்டு விழித்தால், அறை ஜில்லென்று இருக்கிறது, வெட்டிவேர் மணக்கிறது, பாதம் மட்டும் இன்னும் எரிகிறது! அப்புறம்தான் காலை எடுத்துவிட்டுக் கையை வைத்துப் பார்த்தேன். பீரோக் கதவு, தோசைக் கல்!

"சௌந்திரம், சாவியக் கொண்டா!" என்று கத்தின கத்தில் அவள் கையில் இருந்த மோரைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். திறந்தால், இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது அனல். உள்ளே நாங்கள் பேட்டரி என்று பூட்டி வைத்த பெட்டி, பின்னால் ஒரு சின்ன ஃபேனைச் சுழற்றிக்கொண்டு, மூச்சு வாங்கக் காற்று இல்லாமல், தான் விட்ட சூட்டையே தான் குடித்துக்கொண்டு தவிக்கிறது. நான் தாலாட்டு என்று நினைத்துத் தூங்கின ரீங்காரம் அதனுடைய மூச்சுத் திணறல், மாப்பிள்ளை! அந்தப் பெட்டிதான் கம்ப்யூட்டர், மேலே இருப்பது வெறும் முகம் என்று அப்போதுதான் புத்திக்கு எட்டியது. வேர்வை வடிய உழைக்கிறவனைப் பூட்டி வைத்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருக்கிற முகத்துக்கு விசிறி வீசிச் சந்தனமும் பூசியிருக்கிறோம். உங்கள் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஏனுங்க, நம்ம ஊர்ச் சாமியே காத்து வேணும்னு கூரையில்லாம நிக்குது. இதப் போயி நாலு பக்கமும் அடைச்சுப் போட்டீங்களே!" என்றாள். பெட்டியின் தலையை மெல்லத் தடவிக் கொடுத்தேன். கை சுட்டது.

சின்னுசாமியைச் சமாதானம் பண்ணினதுதான் பெரிய பாடு. பின்பலகையை அறுக்க வேண்டும் என்றதும் மனிதர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். "என்ற கையில செஞ்ச பாடியில என்ற கையாலயே ஓட்டை போடச் சொல்றீங்களேண்ணா. ஒரு சொட்டு மழை ஒழுகுச்சுன்னு இத்தன வருசத்துல ஒருத்தன் வந்து நின்னதில்லீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவர் தோளைத் தொட்டு, "சின்னுசாமி, இது மழைக்குக் கட்டின பாடியில்ல. பானட்டு. பானட்டுக்குக் காத்துப் போகச் செதில் வெட்டாம எந்த வண்டி ஓடுது, சொல்லு?" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். "அட, இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்ணா!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இரண்டு பக்கப் பலகையிலும் தாமரைக்குக் கீழே சாய்வாகச் செதில் வெட்டினார். சூடு மேலே ஏறும் அல்லவா, அதற்குப் பின்பக்கம் மேசைக்கு அடியில் நீளமாக ஒரு திறப்பு. குளிர்ந்த காற்று உள்ளே வருவதற்குப் பின்பலகையின் கீழ்ப்பாதியை அப்படியே எடுத்துவிட்டார். ரப்பர் பட்டையை உரித்தார். பெட்டியை இரண்டு கட்டையின்மேல் தூக்கி வைத்து, அடியிலும் காற்று புக வழி பண்ணினார். மேசையைச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளிப் போட்டோம். எல்லாம் முடிந்து சுவிட்சைப் போட்டோம். செதிலுக்கு நேரே கையை வைத்தால் உள்ளே இருந்து வெதுவெதுவென்று காற்று வருகிறது. மாடு மூச்சு விடுகிற மாதிரி அவ்வளவு இதமாக இருந்தது. சின்னுசாமி அந்த இடத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "ஓடுதுங்ணா" என்றார்.

அன்றிலிருந்து மயக்கமே இல்லை. கத்திரியின் உச்சி வெயிலில், ரோட்டில் தார் இளகி ஒட்டுகிற மத்தியானத்திலும் மெஷின் ஓடுகிறது. நேற்று நான் ஊர்ப் பேர் தீர்ந்துபோய், புறப்படாத வண்டியையெல்லாம் புறப்பட்டதாக அடித்தேன். காசி, ராமேஸ்வரம் என்றெல்லாம் போட்டேன். கடைசியில் பெங்களூர் டு நாமக்கல் என்று ஒரு பில் போட்டு, சரக்கு என்ற இடத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரே ஒரு தொந்தரவு, சொல்வதற்குக்கூட இல்லை. பின்பலகை திறந்ததிலிருந்து நம் கருப்புக் கோழி அடைக்கு இடம் தேடிக்கொண்டு, சந்து கிடைத்தால் பீரோவுக்குள் நுழையப் பார்க்கிறது. இருட்டும் வெதுவெதுப்பும் அதற்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. உங்கள் அத்தை விளக்குமாற்றோடு காவல் இருக்கிறாள். "மாப்பிள்ளை மெஷின் என்ன கோழிக்கூடா? ஓடு அக்கட்டால!" என்று அவள் விரட்டுவது தெருமுனை வரை கேட்கிறது. ஆகவே கோழியைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆகக்கூடி மெஷின் பரீட்சையில் தேறிவிட்டது. கத்திரி முடிய இன்னும் சில நாள்தான். அதையும் இதே மாதிரி ஓட்டிக் காட்டுகிறேன். கம்பெனிக்குத் தாங்கள் எழுதப் போகும் பதிலில் டெல்லி என்ற வார்த்தை வராமல் பார்த்துக்கொள்ளவும். சொன்ன சொல் மாறாத குடும்பம் தங்களுடையது, பெண் கொடுக்கும்போதே விசாரித்துத்தான் கொடுத்தேன். மகளுக்கு எங்கள் ஆசிகள். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும். அங்கே தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் எதுவும் இருந்தால் அதற்கு முதுகுப்பக்கம் திறந்து வைக்கவும். தங்கள் குடி விளங்கவும், கை தொட்டதெல்லாம் துலங்கவும், தாங்கள் இருக்கிற இடத்தில் வெயிலும் நிழலும் அளவாக இருக்கவும் ஆஞ்சநேயர் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வரவை வாசலிலேயே நின்று பார்த்திருக்கும் மாமன்,
தண்டாயுதபாணி.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது, புக்கிங் ஆபீஸுக்குப் பெங்களூரில் இருந்து டிரங்க் கால் என்று ஆள் வந்தது. கமலவேணி அம்மாவிடம்தான் பேச வேண்டும் என்றாளாம். உங்கள் அத்தை போன வேகத்தில் போய்விட்டு, திரும்பும்போது தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி மெதுவாக நடந்து வந்தாள். நேரே கம்ப்யூட்டர் அறைக்குப் போனாள். பின்னாலேயே போனேன். காவல் இல்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில் கருப்புக் கோழி பீரோவுக்குள் புகுந்து, பெட்டிக்குப் பக்கத்தில் முட்டையிட்டு உட்கார்ந்திருக்கிறது. நான் விளக்குமாற்றை எடுத்தேன். உங்கள் அத்தை அதைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு, "அடையில உக்காந்த கோழியக் கலைக்கறதுங்களா? புள்ள முழுகாம இருக்கறப்ப?" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஈஸி சேரில் உட்கார்ந்துவிட்டேன், மாப்பிள்ளை. தங்களுக்குத் தெரிந்த சேதிதான். நாங்கள் இன்றைக்குத்தான் கேட்டோம். "புள்ள பெங்களூர்ல இல்ல இருக்கறா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "எங்க இருந்தா என்னங்க, நம்ம புள்ளதான!" என்று சொல்லிவிட்டு, காற்று கோழிக்கு ஆகாது என்று சுவர் சுவிட்சை அணைத்தாள், டேபிள் ஃபேனை நிறுத்தினாள், சேர்த்து வைத்திருந்த முட்டைகளையும் கொண்டுவந்து அதன் அடியில் வைத்து, வைக்கோல் பரப்பி, பீரோக் கதவைப் பழையபடி சாத்திவிட்டாள். சின்னுசாமி வந்து எட்டிப் பார்த்து, "செதில் வழியா அதுக்கு நல்லாக் காத்து வருதுங்ணா" என்று பெருமைப்பட்டுக்கொண்டு போகிறார். "ஒலி எழுப்பவும்" என்று எழுதின பலகைக்குப் பின்னால் கொக்கொக்கென்று சத்தம் கேட்கிறது.

ஆகையால் மேலே மெஷின் ஓடுகிறது, தேறிவிட்டது என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளவும். மெஷின் ஓடவில்லை. கோழி எழுந்திருக்கிற வரைக்கும் ஓடாது. அதற்குள் தங்கள் கம்பெனிக்குப் பதில் சொல்லும் கெடுவும் முடிந்துவிடும். பாஸா ஃபெயிலா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த அறை இருக்கிறது. வெட்டிவேர்த் தட்டியும், கீற்றும், பந்தலும், தண்ணீர்ப் பானையுமாக நாமக்கல்லிலேயே குளிர்ச்சியான அறை அதுதான். உத்தரத்தில் தொட்டில் எங்கே கட்டுவது என்று உங்கள் அத்தை இப்போதே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். மெஷினைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிக்கொள்ளலாம்.

குஞ்சு இறங்கினதும் சுவிட்சைப் போட்டுப் பார்த்து எழுதுகிறேன். ஓடினால், தாங்கள் சொன்ன சொல்படி இங்கே வர வேண்டும். ஓடாவிட்டால், ரிப்பேர் பார்க்க வர வேண்டும். டெல்லியில் இருந்து ரிப்பேருக்கு வருவது வெகு தூரம், மாப்பிள்ளை. அதையும் யோசித்துக்கொள்ளவும்.